இரண்டு மில்லிமீட்டர்

குடமுழுக்கு மலர், பன்னிரண்டாம் பக்கம்.
முப்பது சட்டங்கள் போட்டு வைத்திருக்கிறேன்,
எல்லாம் மூன்றுக்கு நான்கு சென்டிமீட்டர்.
படம் வராத சட்டத்துக்குள்
மென்பொருளே ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொள்ளும்,
விடைத்தாளில் தப்புப் போட்ட மாதிரி.
இருபத்தொன்பது தப்பைத் திருத்தியாயிற்று.

கீழே ஹார்ட்வேர் கடையில் ஆ லோக் தகரம் அறுக்கிறான்.
ஜன்னலுக்கு வெளியே சுங்காய் பெரிய சாலை.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும்போதெல்லாம்
என் மானிட்டர் ஒருமுறை தலையாட்டும்.

தலைவர் அழகாக உட்கார்ந்துவிட்டார்.
கோட்டு, டை, பின்னால் ஸ்டூடியோ நீலம்.
செயலாளருக்கு நெற்றி கொஞ்சம் போய்விட்டது,
விபூதியில் மூன்று கோட்டுக்கு இரண்டுதான் மிச்சம்.
அவர் மைத்துனர் தோளில் யாருடைய கையோ இருக்கிறது,
ஏதோ கல்யாணப் படத்திலிருந்து வெட்டியது.
வேறொருவரை யாரோ மூலையைப் பிடித்து
ஷிஃப்ட் அழுத்தாமல் இழுத்து அனுப்பியிருந்தார்கள்.
பூசணிக்காயை மனிதராக்க
எனக்கு அரை மணி நேரம் ஆனது.

முப்பதாவது, அங்கமுத்து.
லோரி ஓட்டுநர். உபயம் ஐந்நூறு வெள்ளி.
வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த அகலப் படம்:
இவர் நிற்கிறார், பக்கத்தில் லோரி.
கூடவே ஒரு குரல் பதிவு:
"தங்கச்சி, லோரியும் வரணும். மறந்துடாத."

முழுப் படத்தையும் அடக்கினேன்.
மேலும் கீழும் வெள்ளைப் பட்டை,
நடுவில் அரிசியளவு அங்கமுத்து.
சட்டத்தை நிரப்பினேன்.
ஆள் வந்தார், லோரியில் ஒரு டயர் மட்டும்.
இழுத்து நீட்டினேன்.
லோரி நிமிர்த்தி வைத்த தீப்பெட்டி, அவர் ஊதுவத்தி.
கன்ட்ரோல் இசட். கன்ட்ரோல் இசட். கன்ட்ரோல் இசட்.
சம்பளத்துக்கு ஓட்டுகிற லோரி மேல்
இத்தனை ஆசையா என்று சிரிப்பு வந்தது.

சட்டத்தைப் பிடித்தால் சட்டம் நகரும்.
இரண்டு தரம் சொடுக்கினால் சட்டம் நிற்கும்,
படம் மட்டும் உள்ளே நகரும்.
அப்போது பிடியை விடாமல் கொஞ்சம் பொறுத்தால்
வெட்டுப்பட்டதெல்லாம்
சட்டத்துக்கு வெளியே மங்கலாகத் தெரியும்.
எதுவும் போய்விடுவதில்லை.
ஒளித்துத்தான் வைத்திருக்கிறோம்.

அப்படிப் பொறுத்தபோது பார்த்தேன்,
லோரிக் கதவில் ஒரு முழங்கை.
நானூறு விழுக்காடு பெரிதாக்கினேன்.
சதுரம் சதுரமாக உடைந்த முகம்,
கழுத்தில் துண்டு, பல் தெரிகிற சிரிப்பு.

போன் போட்டேன்.
"உள்ள யாருண்ணே?"
"ரஃபிக்குல். குலை ஏத்துற பையன், வங்காளதேசம்.
ஐந்நூறுல இருநூறு அவன் போட்டது.
பேரு வேணாம்னுட்டான். சரி, படமாச்சும்..."
மீதியை இஞ்சின் சத்தம் எடுத்துக்கொண்டது.

சட்டத்தைப் படுக்கப் போட்டேன்.
இரண்டு பேரும் வந்தார்கள், லோரியும் வந்தது.
பக்கத்துச் சட்டங்கள் ஒதுங்கி இடம் கொடுத்தன.
பொருளாளர் தேவராயன் ப்ரூஃபைப் பார்த்தார்.
"எல்லாருக்கும் ஒரே அளவும்மா.
இவனுக்கு மட்டும் என்ன, ரெட்டை வீடா?"
சிவப்புப் பேனாவால் சுழித்தார்.

மறுபடி நிமிர்த்தினேன். மூன்றுக்கு நான்கு.
அம்புக்குறி விசையால் படத்தை இடப்பக்கம் தள்ளினேன்,
ஒரு தட்டுக்குக் கால் மில்லிமீட்டர்.
அங்கமுத்துவின் வலது தோள் வெளியே போனது.
காது விளிம்பைத் தொட்டது.
இன்னும் தள்ளினால்
ஆளையே அறுத்த பாவம் எனக்கு.
நிறுத்தினேன்.

ஐந்நூறு பிரதி அச்சாகி, பைண்டாகி,
கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் போன் வந்தது.
"பன்னிரண்டாம் பக்கம், கடைசிப் படம்,
வலது ஓரத்துல ஏதோ கறுப்பா ஒட்டியிருக்கே.
என்னம்மா அது?"

"மை, சார்," என்றேன்.